லட்சணமும் காதும்

சங்கீதத்தைச் சர்வகலாசாலையில் வைத்துக் கற்பிக்க முடியுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. பாட வராதவன்தான் லட்சணம் படிக்கப் போகிறான் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் நான் இல்லை. ஆனால் லட்சணம் கற்பிக்கப்படுகிற விதத்தில் எனக்குக் குறை உண்டு.

லட்சண நூல் கலைக்கு என்ன செய்யும் என்பதற்கு வேங்கடமகியே சாட்சி. பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் ஆட்சியில், 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யை எழுதிய அவர் கணக்குப் போட்டு 72 மேளங்களைக் கண்டார். அவர் காலத்தில் வழங்கியவையாக அவர் விவரித்தவை 19 தான். மற்றவை காலி வீடுகள். அவற்றில் பலவற்றில் பின்னால் தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் விளக்கேற்றி வைத்தார்கள். இலக்கியத்துக்குப் பின்தான் இலக்கணம் என்பார்கள். இங்கே இலக்கணம் முன்னே போய் இடம் பிடித்துவைத்தது.

அதே 72 மேளமும் வாய்பாடாகிவிட்டால் என்ன ஆகும்? ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். காம்போதி, 28-வது மேளமான அரிகாம்போதியின் ஜன்யம். காகலி நிஷாதம் அன்னிய ஸ்வரம் என்றிருந்தது. எல்லாம் சரி. அந்த நிஷாதம் எங்கே வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. 'ஸ நி ப த ஸ' என்ற பிடியில் ஒரு கணம் அது தலைகாட்டும். விதிக்கு வெளியே இருந்து வந்த ஸ்வரம் ராகத்துக்கு ஏன் களை கூட்டுகிறது என்பதல்லவா சாஸ்திரம் ஆராயவேண்டிய விஷயம்? தோடியின் காந்தாரமும் இப்படித்தான். காகிதத்தில் ஒரு ஸ்தானத்தில் நிற்கிறது. குரலில் அசைந்துகொண்டே இருக்கிறது.

எழுத்தின் இந்தக் குறை பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. 1904-ல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் ஸ்வரங்களோடு கமகக் குறிகளையும் சேர்த்து அச்சிட்டார். ஆனாலும் கமகத்தைக் கேட்டிராதவனுக்கு அந்தக் குறி வெறும் கோடுதான். சென்னைச் சர்வகலாசாலையில் பேராசிரியர் சாம்பமூர்த்தி, 'தென்னிந்திய இசை' பற்றி ஆங்கிலத்தில் ஆறு பாகங்கள் எழுதி, இந்தப் படிப்புக்கு ஒரு ஒழுங்கு தந்தார். பெரிய காரியம். அதை மனப்பாடம் செய்வது சிறிய காரியம்.

பரீட்சையில் ஒரு ஆலாபனையை ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுது என்று சொல்லவேண்டும். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர் வெளியே வந்தால், நம் பத்திரிகைகளின் சங்கீத விமரிசனமும் பிழைத்துப்போகும்.