வழிமரபும் உடைமைப் பதிவேடும்

அலெக்ஸ் ஹெய்லியின் ‘வேர்கள்’ (1976), குந்தா கிந்தே என்னும் மூதாதையிலிருந்து ஏழு தலைமுறைகளின் வரலாற்றைக் கூறுவது. அந்நூலை மதிப்பிடுமிடத்து, வழிமரபு ஆவணங்களின் வர்க்கத் தன்மையையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் 1850, 1860 ஆம் ஆண்டு அடிமைப் பட்டியல்களில் உடைமையாளனுக்குப் பெயருண்டு. அடிமைகளுக்கோ, மிகச் சிலர் நீங்கலாக, வயது, பால், நிறம் என்பனவே உண்டு. விடுதலை பெற்றோர் பெயருடன் எண்ணப்பட்டது 1870 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே. எனவே அதற்கு முற்பட்ட மூதாதையைத் தேடுவோர் உடைமையாளனின் மரணசாசனத்தையும் விற்பனைப் பத்திரத்தையும் நாடவேண்டியவராகின்றனர். ஆங்கு மனிதன் விலையிடப்பட்ட பொருளாகவே தோன்றுகின்றான்.

இவ்விடைவெளியை ஹெய்லி வாய்மொழி மரபாலும் புனைவாலும் நிரப்பினார். அவர் காட்டிய வழிமரபைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனர். புனைவை வரலாறென முன்வைத்தமை நூலின் குறையே; எனினும் அக்குறையைக் காட்டி அப்பதிவேடுகளின் மௌனத்தை நியாயப்படுத்துதல் இயலாது.