மண்ணின் செடிகள், பள்ளியின் நாட்காட்டி

பள்ளி வளாகத்தில் மாணவர்கள் உருவாக்கும் இயல் தாவரத் தோட்டத்தில் அந்த வட்டாரத்து மண்ணுக்கும் மழைக்கும் பழகிய மரம், செடி, கொடி, புல் ஆகியவை இடம்பெறும். அழகுக்கு வைக்கும் குரோட்டன்ஸ் வரிசையிலிருந்தும், சத்துணவுக்குக் கீரை தரும் காய்கறித் தோட்டத்திலிருந்தும் இது வேறானது. தமிழ்நாட்டில் இம்முயற்சிக்கு அரசின் ஆதரவு உண்டு. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991இல் வழிகாட்டியது. 2001 முதல் தேசிய பசுமைப் படை பள்ளிகளில் இயங்குகிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் இலக்குடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் நடக்கிறது. ஆகவே மரக்கன்றுக்குப் பஞ்சமில்லை. நட்டது தோட்டமாகிறதா, அதிலிருந்து பிள்ளைகள் எதையாவது கற்கிறார்களா என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

கற்பதற்கு அதில் ஏராளம் இருக்கிறது. ஒரு கறிவேப்பிலைச் செடியே போதும். கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சி அதன் இளந்தளிரில் உருண்டை முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாளில் வெளிவரும் புழு பறவை எச்சம் போலவே கிடக்கும். வளர வளரத் தோல் உரித்துப் பச்சையாகி இலையோடு ஒன்றிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் கவைபோன்ற சிவந்த உறுப்பை நீட்டி நெடி வீசும். எருக்கஞ்செடியிலோ வெந்தய வரியனின் புழு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டு ஒளியாமல் மேயும். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. ஒன்று ஒளிந்து பிழைக்கிறது, மற்றது தன்னைக் காட்டிப் பிழைக்கிறது. தகவமைப்பு என்று பாடநூல் இரண்டு வரியில் சொல்லிப்போவதைப் பத்து வயதுப் பிள்ளை இங்கே நாள்தோறும் நின்று பார்க்கலாம். வேறு எந்த ஆய்வகமும் ஒரு கிராமப் பள்ளிக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

இயல் தாவரங்களை வலியுறுத்துவதற்கான காரணமும் இதிலேயே தெளிவாகும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த உண்ணிச்செடி பூத்தால் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். ஆனால் நம் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் பெரும்பாலும் அதன் இலையைத் தின்பதில்லை. தேன் குடிக்க வரும் பூச்சி முட்டையிட வேறு செடி தேட வேண்டும். ஆவாரையும் சரக்கொன்றையும் எருக்கும் பக்கத்தில் இருந்தால்தான் அதன் அடுத்த தலைமுறை உண்டு.

நடைமுறையில் பெரும் குறை இங்கேதான் தொடங்குகிறது. புழு தின்ற இலை இத்தகைய தோட்டத்துக்கு வெற்றியின் அடையாளம். ஆண்டாய்வுக்கு வருபவர் கண்ணுக்கோ அது நோய். மருந்து தெளிக்கப்படுகிறது. ஆண்டு விழாவுக்கு முன் மைதானம் ‘சுத்தம்’ செய்யப்படும்போது வேலியோரத்தில் தானாக முளைத்த எருக்கு, துத்தி, தும்பை, நாயுருவி எல்லாம் களையென்று வெட்டப்படுகின்றன. பிறகு அதே இடத்தில் நாற்றங்காலிலிருந்து வந்த கன்று நடப்படுகிறது. அது மகோகனியாகவும் இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தை மண்ணின் மரம் என்று நம்பியே பிள்ளைகள் நீரூற்றுவார்கள். தானாக முளைத்ததெல்லாம் உள்ளூர்ச் செடி என்றும் கொள்ள முடியாது. வெட்டுக்காயப் பூண்டும் பார்த்தீனியமும் வந்தேறிகளே. தமிழ்ச் சமையலோடு கலந்துவிட்ட புளிக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எனவே வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி அடையாளம் காண்பதே தோட்டத்தின் முதல் பாடமாக இருக்க வேண்டும். அதைப் பெரும்பாலான பள்ளிகள் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது.

பருவம் தவறுவது அடுத்த குறை. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5 என்பதால் பள்ளி திறந்ததும் நடுவிழா நடக்கிறது. கோவையின் மேற்கு ஓரத்துக்கும் குமரிக்கும் இது பொருந்தும், அங்கே தென்மேற்குப் பருவமழை உண்டு. கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கீழைச் சமவெளியின் பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஜூனில் நட்ட கன்றை நான்கு மாதம் குடம் சுமந்தே காப்பாற்ற வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஊன்றிவிடும். அப்போதும் முதல் கோடை ஆபத்தானதே. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டப்படும் நேரமும் வெயில் உச்சத்துக்கு ஏறும் நேரமும் ஒன்று. அந்த வாரங்களுக்கு நீரூற்ற ஆளை முடிவு செய்யாத பள்ளி நடாமலே இருக்கலாம்.

எதை நடுவது என்பதில் இரண்டு மயக்கங்கள் உண்டு. முதலாவது, மரம் மட்டுமே பசுமை என்பது. கன்றுகளின் எண்ணிக்கையே அறிக்கையில் ஏறுவதால் புதர்களும் கொடிகளும் புல்லும் விடுபடுகின்றன. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் நெருக்கமான நடவு முறை இப்போது பள்ளிகளிலும் பரவுகிறது. அது விரைவில் அடர்ந்து நிழல் தரும். ஆனால் முள்புதரும் புல்லும் இயல்பாக உள்ள வறண்ட நிலத்தில் அடர்காடு இயற்கையானதன்று, நெருங்கி வளர்ந்த காட்டுக்குள் ஒரு வகுப்பே நுழைந்து எதையும் பார்க்கவும் இயலாது. இரண்டாவது, இலக்கியப் பற்று. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் ஒரே தோட்டத்தில் கூட்டும் ஆசை தமிழாசிரியர்களுக்கு இயல்பு. அதன் நோக்கம் போற்றத்தக்கது. என்றாலும் மலையுச்சிப் புல்வெளியின் குறிஞ்சியைச் சமவெளித் தொட்டியில் வாட விடுவது, செடியையும் நிலத்தையும் சேர்த்தே எண்ணிய திணைக் கோட்பாட்டுக்கு எதிரானது.

உள்ளூர்ச் செடி என்பதால் தீங்கற்றது என்று ஆகிவிடாது. மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். தொடக்கப் பள்ளியில் முதலிரண்டைத் தவிர்த்து, எருக்கை வேலியோரத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் மட்டும் வைக்கலாம். சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிகளுக்கு நொச்சியும் ஆடாதொடையும் ஏற்றவை. ஆடு மாடு அவற்றில் எளிதில் வாய் வைப்பதில்லை.

உழைப்பு யாருடையது என்பதை எந்தப் பாராட்டுக் கட்டுரையும் கேட்பதில்லை. வாளி தூக்கும் பிள்ளைகள் யார், பதிவேடு எழுதும் பிள்ளைகள் யார் என்று பார்த்தால் சில பள்ளிகளில் வகுப்பறைக்கு வெளியே உள்ள சாதியும் பால் வேறுபாடும் தோட்டத்திலும் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாதவருக்குக் களைபறிப்பைத் தண்டனையாகத் தருவது அதைவிடக் கேடானது. சுழற்சி முறை கண்டிப்பாக வேண்டும். எந்தச் செடியை வைப்பது, எதை விடுவது என்ற முடிவிலும் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும். அந்தப் பங்கு கிடைக்காத இடத்தில் அவர்கள் கூலியில்லா வேலையாட்களே.

இத்தோட்டங்கள் பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கின்றன. பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறூர் போனதும் இரண்டு பருவங்களுக்குள் இடம் பழையபடி ஆகிவிடும். செடியின் பெயர், நட்ட நாள், முதலில் பூத்த மாதம், வந்த பூச்சி, பட்ட செடி, பட்டதற்கான காரணம் ஆகியவற்றை மாணவர்களே எழுதும் பதிவேடு இருந்தால் புதிய ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அடுத்த அணிக்கு அதை முறையாக ஒப்படைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பதில் இந்தப் பதிவேட்டைக் கேட்டால், மருந்துத் தெளிப்பும் ஜூன் விழாவும் தாமாகவே குறையும்.