சோறும் தேசியமும்: ஒரு மறுநோக்கு

குளம், வயல், தாதுகோபம் ஆகிய மூன்றும் ஒருங்கமைந்த காட்சியே இலங்கைப் பண்பாட்டின் அடையாளமென நீண்டகாலமாகக் கூறப்பட்டு வருகின்றது. இதன்வழிச் சோறு நம் நாட்டின் ஆதி உணவு என்ற கருத்தும் வலுப்பெற்றுள்ளது. இக்கருத்து எவருடைய உண்கலத்தை ஆதாரமாகக் கொண்டது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

உலர் வலயக் கிராமத்தவர் பலரின் வயிற்றை நிரப்பியது சேனைக் குரக்கனே. யாழ்ப்பாணத்து ஏழைக் குடும்பங்களில் ஒடியற் கூழும் சாமையும் வரகும் பெற்ற இடத்தை முதியோர் நன்கறிவர். மேலும், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நாட்டில் உண்ணப்பட்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்ததாகும். இந்நிலையிலேயே 1935இல் டி. எஸ். சேனநாயக்க, 'விவசாயமும் தேசப்பற்றும்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். அத்தலைப்பே ஒரு வர்க்கத்தின் நோக்கைத் தெளிவாக்கிவிடுகின்றது.

எமது கருத்தில், சோற்றை உண்மையில் தேசியமாக்கியது பண்டைக் குளமன்று, கூப்பன் புத்தகமே. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இறக்குமதி தடைப்பட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரிசி வழங்குதல் அரசின் கடமையென மக்கள் கருதத் தலைப்பட்டனர். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அக்கடமை மீறப்பட்டதாகவே அவர்கள் உணர்ந்தனர். இடதுசாரிக் கட்சிகள் அழைப்புவிடுத்த ஆகஸ்ட் 12 ஹர்த்தால் தெற்கிலும் வடக்கிலும் நிகழ்ந்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது; ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

மூன்றே ஆண்டுகளில், 1956இல், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் தாக்கப்பட்டனர். அரிசியின் விலை ஒன்றுசேர்த்த மக்களை அரிசி விளையும் நிலம் பிரித்தது. முற்போக்கு விமர்சகராகிய நாமும் ஹர்த்தாலைப் பொருளாதாரப் போராட்டமாகப் போற்றியமைந்தோமேயன்றி, வயல் என்னும் குறியீடு இனத்தேசியத்தின் கையிற் சென்றடைந்த விதத்தைப் போதியளவு ஆராய்ந்தோமல்லோம். பசி பொருளாதாரத்துக்கும் குறியீடு பண்பாட்டுக்கும் உரியன என்ற எளிய பிரிவினையே எம்மைத் தவறச் செய்தது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு மறைக்கின்றன என்பதை 1977ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலம் காட்டுகின்றது. துரித மகாவலித் திட்டம் பண்டை மன்னரின் நீர்ப்பாசனப் பெருமையின் மீட்சியாக மேடைதோறும் முழங்கப்பட்டது. அதே ஆட்சியில், 1979இல், அரிசிப் பங்கீடு ஒழிக்கப்பட்டு, வறியோரெனக் கணிக்கப்பட்டோருக்கு மட்டும் உணவு முத்திரை வழங்கப்பட்டது. முத்திரையில் பொறிக்கப்பட்டிருந்தது ரூபாய்ப் பெறுமதியே; விலை ஏற ஏற, அது பெற்றுத்தந்த அரிசி குறைந்துகொண்டே சென்றது.