வாயை மூடச் சொல்லும் புத்தகமும் மூக்கடைத்த வாசகனும்

ஜேம்ஸ் நெஸ்டர் 2020-ல் எழுதிய 'பிரெத்' புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சாச்சு. முதல் தடவை ஆர்வமா, ரெண்டாவது தடவை கொஞ்சம் எரிச்சலோட. வாயை மூடு, மூக்கால் மூச்சு விடு என்பதுதான் அதன் சாரம். ராத்திரி உதட்டில் தபால்தலை அளவுக்கு டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவதையும் சிபாரிசு செய்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். மூக்கை வெறும் ஓட்டையாக நினைப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் கண்ணைத் திறக்கும். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்குதான். சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1995-ல் காட்டினார்கள். ஒரு துவாரம் திறந்திருக்கும்போது மற்றது லேசாக வீங்கி அடைப்பதும், சில மணி நேரத்தில் இது மாறுவதும் நோயில்லை, இயல்பு. ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இதை 1895-ல் எழுதினார். சூரியகலை, சந்திரகலை என்று சரம் பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்ல.

இனி சிக்கலுக்கு வருவோம். புத்தகத்தின் முதுகெலும்பு ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனை. நெஸ்டரும் ஸ்வீடனைச் சேர்ந்த மூச்சுப் பயிற்சியாளர் ஆண்டர்ஸ் ஓல்சனும் 10 நாள் மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட்டார்கள். குறட்டையும் ரத்த அழுத்தமும் ஏறின. அடுத்த 10 நாள் மூக்கால் மூச்சு விட்டதும் எல்லாம் சரியானது. கதையாகப் படிக்க அருமை. ஆனா ஆள் ரெண்டே பேர், ரெண்டு பேருமே முடிவை முன்கூட்டியே நம்பினவங்க. அதைவிடப் பெரிய குறை, அவர்கள் மூக்கை அடைத்தது வெளியிலிருந்து வந்த அடைப்பான். பிடுங்கினதும் போயிடுச்சு. உள்ளேயே வீங்கிக் கிடக்கிற மூக்கை எதைப் பிடுங்கித் திறப்பது?

எனக்கு அலர்ஜி மூக்கு. படுத்தால் கீழ்ப்பக்கத் துவாரம் அடைக்கும். புரண்டு படுத்தால் அடைப்பும் கூடவே புரளும். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். ரெண்டே நிமிஷத்தில் சொர்க்கம். சில நாளைக்கு மேல் தொடர்ந்தால் அந்த மருந்தே வீக்கத்தை உண்டாக்கும் என்று யாரும் சொல்லல. மாசக்கணக்கில் தலையணைக்கு அடியில் பாட்டிலோடு தூங்கினேன். அந்த நாட்களில் இந்தப் புத்தகம் கையில் கிடைத்திருந்தால், அடைத்த மூக்கோடு வாயிலும் டேப் ஒட்டியிருப்பேன். அதை நினைச்சா இப்பவும் பயமா இருக்கு.

நம்ம ஊரில் எல்லாத்துக்கும் "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று ஒரே வார்த்தை. டர்பினேட் என்பது எல்லார் மூக்கிலும் இருக்கும் உறுப்பு, அலர்ஜியில் வீங்கும். பாலிப் என்பது சவ்விலிருந்து தொங்கும் கட்டி. நடுத்தண்டு வளைந்திருப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நெஸ்டரின் புத்தகத்தில் இந்தப் பிரிவினை ஓரமாக வந்துபோகிறது. பழக்கத்தால் வாயால் மூச்சு விடுபவனும், வேறு வழியில்லாமல் விடுபவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனா டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டிக்கொண்டவர்களைப் பற்றிய பகுதியை மறக்க முடியாது. மூக்கு விரியத் திறந்திருந்தும் மூச்சுத் திணறுவதாக அவர்கள் தவிக்கிறார்கள். காற்று போவதை நமக்கு உணர்த்துவது உள்ளே படும் குளிர்ச்சிதான். தைலம் தடவினதும் மூக்கு திறந்த மாதிரி தோணுதே, அதுவும் இதனால்தான். குளிர்ச்சியை அறியும் நரம்பு தூண்டப்படுகிறது, அடைப்பு அப்படியே இருக்கிறது.

இந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள புகாரும் கிட்டத்தட்ட அதுதான். படிச்சு முடிச்சதும் மூக்கு திறந்த மாதிரி இருந்தது. படிங்க, தாராளமா படிங்க. டேப் வாங்குவதற்கு முன்னாடி மட்டும், உங்க மூக்கு ஏன் அடைக்குதுன்னு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டித் தெரிஞ்சுக்கோங்க.