பண்ணைப்புரத்துக்காரர் வீட்டில் பாக்

பரோக் கான்செர்ட்டோவில் வாத்தியக் குழு முதலில் ஒரு மெட்டை முழுசாகச் சொல்லும். தனி வயலின் அதிலிருந்து பிரிந்து ஓடும். குழு மறுபடி அந்த மெட்டோடு வந்து மறிக்கும். பல்லவி திரும்பி வருவதைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமில்லை. 1711இல் வெளிவந்த இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 12 கான்செர்ட்டோக்களில் சிலவற்றை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் விசைக்கருவிகளுக்கு மாற்றி எழுதியே இந்த வடிவத்தைப் பழகினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் வயலின் எடுப்பவர்களுக்கு இந்த பரோக் உலகத்துக்குள் நுழைய ஒரு சொந்த வாசல் உண்டு. பண்ணைப்புரத்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பு. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுதியின் முன்னிசை. வி.எஸ்.நரசிம்மன் வாசிக்க, சுற்றிலும் இளையராஜா எழுதிய தந்திக் குழு. மூலம் ஒற்றை வயலினுக்கானது. ஆனால் பாக்கே 1731இல் அதை ஆர்கனுக்கும் குழுவுக்குமாக விரித்திருக்கிறார்!

வாசித்துப் பார்த்தால்தான் தெரியும் அந்த முன்னிசையின் குறும்பு. ஒரே சுரம் திறந்த தந்தியிலும் பக்கத்துத் தந்தியிலும் மாறி மாறி ஒலிக்க வேண்டும். இடது கையை எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையான பாடு வலது மணிக்கட்டுக்குத்தான். மூச்சுவிடக்கூட இடமில்லை.

முதலில் இளையராஜாவைக் கேளுங்கள். பிறகு பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோ, அதன் நடுப்பகுதியிலிருந்து.