படைப்புக்கு வாசற்கட்டணமா?

எழுதியவருக்கு இதழ் சன்மானம் தருவது நாம் அறிந்த வழக்கம். தர இயலாத சிற்றேடுகள் அச்சான பிரதி ஒன்றையேனும் அனுப்பி வைக்கும். அமெரிக்க இலக்கிய ஏடுகள் பலவற்றில் இன்று இவ்வழக்கம் தலைகீழாகியிருக்கிறது. கதையையோ கவிதையையோ ஆசிரியரின் பார்வைக்கு வைப்பதற்கே எழுத்தாளர் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் 3 டாலர். ஏற்றாலும் மறுத்தாலும் அப்பணம் திரும்பாது.

இதழாளர் தரப்பை முதலில் கேட்போம். தட்டச்சு செய்த தாள்களோடு, மறுமொழிக்கென அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்பிய காலத்திலும் எழுத்தாளருக்குச் செலவு இருந்தது. அதுவே இப்போது கட்டணமாயிற்று என்பர். 2010இல் தோன்றிய 'சப்மிட்டபிள்' போன்ற இணையச் சேவைகள் வந்தபின் படைப்புகள் வெள்ளமெனக் குவிகின்றன. அச்சேவைக்கு இதழ்களும் பணம் கட்டுகின்றன. படித்துத் தேர்பவர்களோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர்கள். இவை பொய்யல்ல.

எனினும் அஞ்சல்தலை வாதம் நிற்காது. அன்று எழுத்தாளர் செலவிட்ட காசு அஞ்சல் நிலையத்துக்குப் போயிற்று. மறுக்கப்பட்ட படைப்பால் இதழுக்கு வரவேதும் இல்லை. இன்றோ மறுக்கப்படும் ஒவ்வொரு படைப்பும் வருவாய். நூற்றுக்கு ஒன்றைக்கூட ஏற்காத ஏடுகள் பல. அவற்றின் செலவில் ஒரு பங்கைச் சுமப்பவர்கள், இடம் கிடைக்காத அந்த 99 பேர்தாம். வாசகரைத் தேட வேண்டிய இதழ், வாசகரின்றியே வாழக் கற்றுக்கொள்கிறது. கேடு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கதைக்கு இடம் கிடைக்குமுன் 20 ஏடுகளின் கதவைத் தட்ட நேர்ந்தால் 60 டாலர் போய்விடும். வசதியுள்ளவருக்கு இது சிறு தொகை. பகலெல்லாம் கூலிக்கு உழைத்து இரவில் எழுதுபவருக்கோ, ஆங்கிலத்தில் எழுதும் ஆசிய, ஆப்பிரிக்க இளைஞருக்கோ அவ்வாறன்று. படைப்பின் தகுதியைப் பார்க்குமுன் பணப்பை பார்க்கப்படுகிறது. அதனால் வராமற்போனவர் யார் என்பதை ஆசிரியர் ஒருநாளும் அறியப் போவதில்லை.

1912இல் சிகாகோவில் தொடங்கிய 'பொயட்ரி' இதழ் கட்டணம் கேட்பதில்லை. 2002இல் ரூத் லில்லி அளித்த பெருங்கொடை அதற்குத் துணை. எல்லா ஏடுகளுக்கும் அது வாய்க்குமா எனக் கேட்பது நியாயமே. கொடையில்லாதார்க்கும் வழி உண்டு. 'ராட்டில்' என்னும் கவிதை ஏடு வழக்கமான படைப்புகளுக்குப் பணம் வாங்குவதில்லை. அதன் பரிசுப் போட்டிக்குக் கட்டணம் செலுத்துவோர் ஓராண்டுச் சந்தாதாரராகிவிடுகின்றனர். கொடுத்த பணத்துக்கு இதழ் கைக்கு வருகிறது. பரிசு பெறாதவரும் வாசகராகிறார்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். தாம் ஒருமுறையேனும் வாங்கிப் படிக்காத ஏட்டுக்குப் படைப்பனுப்புவோர் எங்கும் உளர். ஓர் ஏட்டில் எழுத விரும்புவோர் இயன்றால் அதை வாங்கிப் படிக்கட்டும். ஆசிரியரும் தயங்காமல் சந்தா கேட்கட்டும். அது கண்ணியமான வேண்டுகோள். வந்த படைப்பைப் படித்துப் பார்ப்பதற்கே கூலி கேட்பது ஆசிரியப் பணிக்கு அழகன்று.