ஒரு நாள் வேடம்

வேடம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகை வாழ்வு உண்டு. கூத்து மேடையில் அது மதிப்புக்குரியது. அருச்சுனன் வேடம் கட்டியவரை ஊர் பல்லாண்டுகள் அப்பெயராலேயே அழைத்து மகிழும். அன்றாடப் பேச்சிலோ அதே சொல் பழிச்சொல்லாகிவிடுகிறது. ஒருவன் வேடம் போடுகிறான் என்றால், அவனை நம்பவேண்டாம் என்பது பொருள். திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் நாம் காணும் 'வெளிவேடக்காரர்' என்ற சொல் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் கிரேக்க மூலச்சொல் முதலில் மேடை நடிகனையே குறித்து வந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே புதியதொரு வேடம் நம் இளைஞரிடையே வந்து சேரும்போது, அது இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது எனக் கேட்பது திறனாய்வின் கடமையாகிறது.

அந்தப் புதிய வேடத்திற்குக் 'காஸ்ப்ளே' என்று பெயர். படக்கதைகள், திரைப்படங்கள், கணினி விளையாட்டுகள் ஆகியவற்றில் வரும் மாந்தரைப் போன்று உடையணிந்து, அவ்வாறே அணிந்து வந்த பிறரோடு கூடி மகிழும் வழக்கம் இது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் எதிர்கால மனிதரின் ஆடை எனத் தாம் எண்ணியதை அணிந்து வந்தனர். அவ்விரு ஆடைகளையும் தைத்தவர் அப்பெண்மணியே. அன்று அது வேடிக்கையாகக் கருதப்பட்டது. 1980-களில் ஜப்பானிய இதழாளர் நொபுயுகி தகஹாஷி இவ்வழக்கத்திற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டினார். 'காமிக் கான்' எனப்படும் இரசிகர் திருவிழா இந்தியாவில் முதன்முதலாக 2011-இல் டெல்லியில் நடந்தது. சென்னைக்கு அது 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் வந்தது. நந்தம்பாக்கத்திலுள்ள சென்னை வர்த்தக மையமே களம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது மீண்டும் அங்கே நடைபெற்றபோது, இளம் நண்பர் நால்வரோடு நாமும் சென்றிருந்தோம்.

அந்நால்வரும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள். வர்த்தக மையம் இருக்கும் சாலையிலேயே பூவிருந்தவல்லி வழியாக மேற்கே சென்றால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் அவ்வட்டாரம் தொடங்கிவிடுகிறது. இராமானுசர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2006-இல் கைபேசித் தொழிற்சாலை வந்தது; 2014-இல் அது மூடப்பட்டுப் பல்லாயிரவர் வேலையிழந்தனர். பின்னர் வேறு நிறுவனங்கள் கைபேசித் தொழிலை மீண்டும் கொண்டுவந்தன. 2010 முதல் ஒரகடத்திலும் கார்கள் உற்பத்தியாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்கெனத் திறக்கப்பட்ட அரசு விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விஞ்சும் எண்ணிக்கை இது. ஆயினும் அவர்கள் எவரும் அவ்வூரார் அல்லர். விழுப்புரம், திருவண்ணாமலை, தென்மாவட்டங்கள், வடமாநிலங்கள் எனப் பல திசைகளிலிருந்து வந்து, சில ஆண்டுகள் தங்கிப் பெயர்ந்து செல்பவர்கள்.

நம் நண்பர்களுள் ஒருவர் 'டெமன் ஸ்லேயர்' என்னும் ஜப்பானியப் படக்கதையின் நாயகன் தஞ்சிரோவாக வந்தார். கொயோஹாரு கொதோகே என்பவர் 2016 முதல் 2020 வரை தொடராக எழுதி வரைந்த கதை அது. அதன் திரைப்படமொன்று 2025-இல் தமிழ்க் குரலிலும் திரையரங்குகளுக்கு வந்தது. தஞ்சிரோ கரி விற்றுப் பிழைக்கும் குடும்பத்தின் மூத்த மகன். தந்தை இல்லை. ஒரு நாள் அவன் கரி விற்கச் சென்றிருந்த வேளையில் குடும்பத்தார் அரக்கனால் கொல்லப்படுகின்றனர். தப்பிய தங்கையும் அரக்க உருவம் பெற்றுவிடுகிறாள். அவளை வெயில் படாமல் ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்தவாறே, அவளை மீண்டும் மனிதப் பிறவியாக்கும் வழியைத் தேடி அவன் அலைகிறான். நம் நண்பரும் வீட்டிற்கு மூத்தவர். ஊரில் தங்கை கல்லூரியில் பயில்கிறார். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, மரத்தின் நிறம் பூசி அவர் செய்த பெட்டியை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வேடத்தை ஏன் தேர்ந்தீர் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பெட்டியே விடை கூறியது.

கலை என்ற நோக்கில் இவ்விழாவை அளந்து பார்க்கும்போது நிறை இரண்டும் குறை இரண்டும் நம் கண்ணில் படுகின்றன.

முதல் நிறை கைவேலை. கவசம் என நாம் கண்டது காலணிக்குப் பயன்படும் ஃபோம் ஷீட். வாள் என நாம் கண்டது குழாயும் வண்ணமும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பல வாரம் உழைத்து முடித்தவை இவை. நாள் முழுவதும் ஒரே திருகாணியை ஆயிரம் முறை முடுக்கும் கை, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பொருளை முழுமையாகச் செய்து பார்க்கும் மகிழ்ச்சி அதில் தெரிகிறது. இரண்டாவது நிறை மரியாதை. முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து, 'படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று இசைவு கேட்ட பின்னரே எடுக்கிறார். தொழிற்சாலை வாயிலில் நாள்தோறும் உடற்சோதனைக்கு உள்ளாகும் ஓர் இளைஞரிடம் ஒருவர் அனுமதி கேட்டு நிற்பது சிறிய செய்தி என்று நாம் கருதவில்லை.

குறைகளுள் முதலாவது, இங்கே வேடம் உண்டு, நாடகம் இல்லை. தஞ்சிரோவின் சிறப்பு அவனது வாளில் இல்லை. தான் வீழ்த்திய அரக்கனும் ஒரு காலத்தில் மனிதனாய் இருந்து துன்புற்றவன் என்று எண்ணி, இறக்கும் அவனுக்காக இரங்குவதில்தான் உள்ளது. அந்த இரக்கத்தை உடையாக அணிய இயலாது. நடித்தே காட்ட வேண்டும். விழாவிலோ வேடதாரி நிற்கிறார், படமாகிறார், நகர்கிறார். கதை அவருள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது குறை அங்காடி. கூடம் எங்கும் பொம்மைகளும் சட்டைகளும் விற்பனைக்கு இருந்தன. நுழைவுச்சீட்டு, பயணம், உணவு எல்லாம் சேர்த்தால் இரண்டு நாள் கூலி ஆகிறது என்று நண்பர்களே கணக்கிட்டனர். அவர்கள் நேசிக்கும் மாந்தரின் பெயரும் உருவமும் தொலைவிலுள்ள நிறுவனங்களின் உடைமை. நேசம் இவர்களுடையது, ஆதாயம் வேறெவருடையதோ.

எனினும் இத்துடன் நின்றுவிட்டால் இது எளிய கண்டனமாக முடிந்துவிடும். இன்னொரு நண்பரின் வேடம் நம்மை மேலும் சிந்திக்க வைத்தது. அவர் சாதாரணச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து, வலக்கையில் மட்டும் வெள்ளி வண்ணம் பூசிய உறை மாட்டி வந்திருந்தார். இளைஞர் பலருக்கு அது யாரென்றே விளங்கவில்லை. தலைநரைத்த சிலர் மட்டும் ஓடிவந்து கைகுலுக்கினர். ஆம், அவர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் பிறந்து, 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவர். தம் தந்தையாரின் பழைய பெட்டியில் அப்புத்தகத்தைக் கண்டு படித்ததாக நண்பர் கூறினார்.

மாயாவியின் கதையை வாசகர் பலர் அறிவர். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர் விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்தப் பெற்றவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சிறுவயதில் இதை வியப்புக் கதையாகவே நாம் வாசித்தோம். அத்தொழில் வட்டாரத்து இளைஞர் ஒருவர் இவ்வேடத்தில் நம் எதிரே நின்றபோது அக்கதைக்கு வேறொரு பொருளும் புலப்பட்டது. மின்விசை பாயும் கூடத்தில் ஆள் மறைந்து கை மட்டும் எஞ்சுவது இங்கே நாள்தோறும் நிகழ்கிறது. மின்னணுக் கூடத்தில் நுழைபவர் தலைமுடியைத் தொப்பியால் மறைத்து, மேலங்கி அணிந்து, பல இடங்களில் முகத்தையும் மூடிக்கொள்கிறார். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் முகம் மறைந்தபின் பெயரும் மறைந்துவிடுகிறது. 'உள்ளே போனா எங்க டேக் நம்பர்தான் சார் எங்க பேரு' என்று அந்நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியர்க்காக அவ்வட்டாரத்துப் பெண் தொழிலாளர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் நாட்டிற்கு அவர்களுடைய முகம் தெரிந்தது. அதுவரை நாம் அறிந்தவை அவர்களுடைய கைகள் செய்த பொருள்களை மட்டுமே.

எனவே, ஆறு நாள் பிறர் தந்த வேடத்தில் மறைந்திருப்பவர் ஏழாம் நாள் தாம் தேர்ந்த வேடத்தில் வெளிப்படுகிறார் என்றே நாம் இதைக் காண்கிறோம். இதனை வெளிவேடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அவ்வாறாயின் நம் பழைய வேடங்களோடு இதனை ஒப்பிடுவது தகும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போது காளி முதல் குறவர் வரை பல வேடம் புனைந்து மக்கள் ஊர் ஊராகச் செல்கின்றனர். நோன்பு காத்து, வீடுதோறும் காணிக்கை ஏற்று, அதைக் கோவிலில் சேர்க்கின்றனர். வசதியுள்ளவரும் அந்நாள்களில் கையேந்தி நிற்க வேண்டும் என்பதே அவ்வேடத்தின் உட்பொருள். நம் மரபில் பாஸ்கா உண்டு. சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூரிலும் வேறு பல ஊர்களிலும் கிறிஸ்துவின் பாடுகள் மேடையேறும்போது, ஊராரே உரோமைப் போர்வீரரும் எருசலேம் மக்களும் ஆகின்றனர். இயேசு வேடம் ஏற்பவர் தவக்காலம் முழுவதும் ஒறுத்து வாழ்வது பல ஊர்களில் வழக்கம். இவ்வேடங்கள் அணிந்தவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கின்றன. களைந்த பின்னும் ஏதோ ஒன்றை அவரிடம் விட்டுச் செல்கின்றன. வர்த்தக மையத்து வேடம் கேட்பது உழைப்பை மட்டுமே. மாலையில் அது பையில் மடித்து வைக்கப்படுகிறது.

இவ்வளவில் தராசு நம் பக்கம் சாய்வது போலத் தோன்றலாம். ஆனால் மறுதட்டிலும் ஒன்று உண்டு. பாஸ்காவில் பாத்திரங்கள் பல ஊர்களில் குடும்ப உரிமையாக வழிவழி வருகின்றன. பேதுரு வேடம் ஒரு வீட்டாருக்கு, பிலாத்து வேடம் வேறொரு வீட்டாருக்கு என்ற வரையறை உண்டு. சில இடங்களில் அவ்வரையறைக்குப் பின்னால் சாதி நிற்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி, ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று செல்லும் இளைஞருக்கு அங்கே போர்வீரர் கூட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை. இரசிகர் விழாவோ சீட்டு வாங்கிய எவரிடமும் ஊர் எது, குலம் எது என்று கேட்பதில்லை. தஞ்சிரோவாக வரும் எவரும் தஞ்சிரோவே. நோன்பும் நேர்ச்சியும் இல்லாத அந்த அங்காடி, நம் மேடை தராத வரவேற்பை அவர்களுக்குத் தருகிறது. அவர்கள் அங்கே போவதைக் குறைகூறுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இலத்தீனில் 'பெர்சோனா' என்ற சொல் நடிகனின் முகமூடியைக் குறித்தது. பொதுக் காட்சிகளையும் நாடகங்களையும் கண்டித்துத் தனி நூலே எழுதிய தெர்த்துல்லியன், மூவொரு கடவுளைப் பற்றி எழுத நேர்ந்தபோது அச்சொல்லையே எடுத்தாண்டார். மறைக்கல்வியில் 'மூன்று ஆட்கள்' என்று நாம் கற்பதற்குப் பின்னால் அச்சொல் நிற்கிறது. முகத்தை மறைக்கும் பொருளின் பெயர், ஆளின் மேன்மையைச் சொல்லும் பெயராயிற்று. வேடத்தை அளக்க இதுவே ஏற்ற அளவுகோல் என்பது நம் கருத்து. ஒரு வேடம் ஆளை மறைக்கிறதா, ஆளை வெளிக்கொணர்கிறதா? அன்று அந்த அட்டைப் பெட்டியும் வெள்ளிக் கையும் ஆளை வெளிக்கொணர்ந்தன என்பதை நாம் கண்டோம். அது ஒரு நாளோடு முடிந்தது என்பதையும் கண்டோம்.

அந்த ஒரு நாளை நீட்டிப்பது அங்காடியின் வேலை அன்று. அது நம் கையில் உள்ளது. ஃபோம் ஷீட்டில் சாமுராய்க் கவசம் செய்யத் தெரிந்தவருக்கு உரோமைத் தலைக்கவசம் செய்வது கடினமன்று. தங்கையைச் சுமக்கும் தமையனின் துயரை உணர்ந்தவருக்குச் சீரேனே ஊர்ச் சீமோனின் பாத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. தொழில் வட்டாரத்துப் பங்குகளில் அடுத்த தவக்காலத்திற்குப் பாஸ்கா ஒத்திகை தொடங்குமுன், கடைசி வரிசையில் நிற்பவரிடம் சென்று பெயர் கேட்கலாம். அவர் எந்த ஷிப்ட் என்றும் கேட்டு, அதற்கேற்ப ஒத்திகை நேரத்தைக் குறிக்கலாம்.